எட்டில் ஐந்து

ஜூன் 5, வியாழன்

இன்றைக்கு வியாழக்கிழமைக் குழுவில் ஒரே உற்சாகம். வழக்கமாகக் கேமராவை அணைத்துவிட்டு டீ குடிக்கிறவர்கள்கூட முகத்தைக் காட்டினார்கள். கூட்டத்தை நடத்துகிறவர் திருச்சி டாக்டர் மும்தாஜ். "சுகந்தி, அந்த நம்பர நீங்களே சொல்லுங்கம்மா. கோத்துக் குடுத்தது நீங்கதானே" என்றார். சொன்னேன். புது மாத்திரை எடுத்த எட்டு பேரில் ஐந்து பேருக்கு முன்னேற்றம். எடுக்காத பன்னிரண்டு பேரில் ஐந்து பேருக்குத்தான். யாரோ கை தட்டினார்கள்.

நான் டாக்டர் இல்லை. புள்ளியியல் படித்துவிட்டு, கோவையில் ஒரு மருத்துவக் கல்லூரியின் ஆராய்ச்சிப் பிரிவில் அட்டவணை கட்டிக்கொண்டிருப்பவள். கார்பைடு என்கிற கடின உலோகத்தின் தூசி நுரையீரலில் இறங்கி வருகிற இந்த நோய் அபூர்வமானது. ஒரு ஆஸ்பத்திரிக்கு வருடத்துக்கு இரண்டு மூன்று பேர் வந்தால் அதிகம். இரண்டு மூன்று நோயாளிகளை வைத்துக்கொண்டு எந்த டாக்டர் எதைக் கற்றுக்கொள்வது? அதனால் ஒன்பது ஊர்களின் டாக்டர்கள் இணையத்தில் ஒரே அட்டவணையில் எழுதுகிறார்கள். ஒருவர் டிஸ்சார்ஜ் ஆனதும் ஒரு வரி. பெயர் கிடையாது, விலாசம் கிடையாது. நோயாளியின் அந்தரங்கம் வெளியே கசியக்கூடாது என்று முதல் கூட்டத்திலேயே சண்டை போட்டவள் நான். வயது, தொழில், கொடுத்த மருந்து, வீட்டுக்குப் போகும்போது இருந்த நிலை, கடைசியில் 'பிற குறிப்பு'. அவ்வளவுதான்.

கூட்டம் முடிந்ததும் மாடியிலிருந்து இறங்கிப் போய் அண்ணனிடம் சொன்னேன்.

"எட்டுல அஞ்சுங்ணா."

"பாஸ் மார்க்குக்கு மேலயே வருதே" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமாயிற்று. அண்ணி தண்ணீர் கொண்டுவந்தார்.

அண்ணன் சென்னியப்பன் கோவை கணபதிப் பகுதியில் டூல் கிரைண்டிங் பட்டறை வைத்திருந்தவர். முப்பது வருடம் கார்பைடு டூல் தீட்டினார். ஏப்ரலில் எங்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்துவிட்டு நடந்தே வெளியே வந்தார். அங்கே ஆரம்பித்த மாத்திரை வீட்டிலும் தொடர்கிறது.

ஜூன் 7, சனி

வாடகைக்கு எடுத்த ஆக்சிஜன் மெஷின் வந்தது. தூங்கும்போது மட்டும் போதும் என்றிருக்கிறார் டாக்டர். மெஷின் இரைச்சலில் டி.வி. கேட்கவில்லை என்று பரிமளம் அண்ணிக்குக் குறை. கரண்ட் போனால் என்ன செய்வது என்று கடைக்காரரிடம் கேட்க வேண்டும். மாவு அரைக்க மறந்துவிட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

அண்ணனின் கட்டிலைக் கூடத்துக்கு மாற்றினோம். பாத்ரூம் பக்கம் என்பதற்காகத்தான், வேறொன்றுமில்லை.

ஜூன் 12, வியாழன்

கூட்டத்தில் இன்று பாதிப் பேர்தான். ஓசூர் டாக்டர் பிரசன்னா வரவில்லை. பேசி முடித்த பிறகு டாக்டர் மும்தாஜ் ஒரு கதை சொன்னார்.

"எங்க பேஷண்ட் ஒருத்தரு. மூச்சுப் பயிற்சிக்கு பலூன் ஊதுங்கன்னா, நான் என்ன சின்னப் புள்ளையான்னு கேட்டாரு. மறுநாள் பையிலேர்ந்து மவுத் ஆர்கன எடுத்தாரு பாருங்க! பழைய பாட்டா வாசிக்கிறாரு, நர்சுங்க எல்லாம் வேலைய விட்டுட்டு நிக்கிதுங்க."

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். பிறகு சாம்பாருக்கு முருங்கைக்காய் நறுக்கும்போது, மவுத் ஆர்கன் என்று 'பிற குறிப்பு' பகுதியில் எங்கேயோ படித்திருக்கிறோமே என்று தோன்றியது. டாக்டர் மும்தாஜ் எழுதியதாகத்தான் இருக்கும்.

ஜூன் 13, வெள்ளி

அவர் எழுதியதில்லை. ஓசூர் எழுதியது. 'மவுத் ஆர்கன் வாசிக்கிறார், பக்கத்துப் படுக்கைக்காரர் புகார்.'

திருச்சி வரியில் மவுத் ஆர்கன் இல்லை, 'இடது சுட்டுவிரல் நுனி இல்லை' என்று இருக்கிறது. சேலம் வரியிலும் இடது சுட்டுவிரல் நுனி இல்லை. ஓசூரில் வயது 52, சேலத்தில் 52, திருச்சியில் 53. கிரைண்டிங் வேலையில் 26 வருடம், 26 வருடம், 27 வருடம். மூன்றும் 'முன்னேற்றம்'. மூன்றும் மாத்திரை.

கிரைண்டிங்காரர்களுக்கு விரல் போவது சகஜம்தான். மவுத் ஆர்கன் வாசிக்கிறவர்கள் ஊருக்கு ஒருவர் இருக்கலாம்தான். இப்படியெல்லாம் எனக்கே சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஒரு மனிதர் மூன்று ஊரில் படுத்து, மூன்று முறை டிஸ்சார்ஜ் ஆகி, மூன்று வரிகளில் குணமாகியிருக்கிறார். பெயர் இல்லாததால் ஒரு டாக்டருக்கும் தெரியவில்லை. அட்டவணை எண்ணியது டிஸ்சார்ஜ்களை. நாங்கள் படித்தது மனிதர்கள் என்று.

ஏழாவது வரியைப் பற்றி எனக்கு விசாரிக்க எதுவுமில்லை. ஆண், 51, டூல் கிரைண்டிங் 30 வருடம், முன்னேற்றத்துடன் வீடு திரும்பினார். ஏப்ரலில் நானே தட்டியது. ஏப்ரலில் அது உண்மை.

ஜூன் 14, சனி

மவுத் ஆர்கன்காரரைப் பற்றிக் கேட்கப் பிரசன்னாவுக்குப் போன் செய்தேன். சின்னப் பையன், முப்பதுகூட முடியவில்லை, எதைக் கேட்டாலும் மறைக்காமல் சொல்வான்.

"ஆமா மேடம், அவரு மச்சான் வீட்டோட சேலம் போயிட்டாரு. அங்கேர்ந்து திருச்சின்னு கேள்வி. ஏன் மேடம்?"

"சும்மா ஒரு சரிபார்ப்பு."

"சேலம்னாதான் ஞாபகம் வருது, நான் நல்லாயிடுச்சுன்னு அனுப்புன இன்னொருத்தரும் அங்க போயி அட்மிட் ஆனாரு. பாவம், தவறிட்டாரு."

அதுவும் இரண்டு வரி. ஒன்றில் முன்னேற்றம், ஒன்றில் இறப்பு.

கூட்டிக் கழித்துப் பார்த்தேன். மாத்திரை எடுத்தவர்கள் எட்டு பேர் அல்ல, ஐந்து பேர். முன்னேறியவர்கள் இரண்டு பேர். ஒருவர் மவுத் ஆர்கன்காரர். இன்னொருவர் ஏழாவது வரி. மாத்திரை எடுக்காத பன்னிரண்டு பேரையும் ஒவ்வொரு ஆஸ்பத்திரியாகக் கேட்டுச் சரிபார்த்தேன், அவர்கள் பன்னிரண்டு பேரேதான். ஐந்தில் இரண்டும் பன்னிரண்டில் ஐந்தும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மாத்திரையால் ஒரு பயனும் தெரியவில்லை.

மத்தியானம் ரசம் வைத்தேன். உப்புப் போட்டேனா என்று நினைவில்லை.

ஜூன் 16, திங்கள்

குழுவில் போடலாம் என்று உட்கார்ந்தேன். இணையம் சரியில்லை. பூஜை அறை விளக்குகள், குத்துவிளக்கு, பித்தளை அண்டா எல்லாவற்றையும் தேய்த்தேன்.

"என்ன சுகந்தி, வெளக்கெல்லாம் பளபளங்குது? ஆரு மேல கோவம்?" என்றார் அண்ணி. எனக்கு மனசு சரியில்லை என்றால் பாத்திரம் தேய்ப்பேன் என்பது இந்த வீட்டில் ரகசியம் இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

இன்றும் இணையம் சரியில்லை. அண்ணியின் போனில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணன் இட்லியில் பாதியோடு எழுந்துவிட்டார். மாத்திரை போட ஆரம்பித்ததிலிருந்தே வாயில் ருசி இல்லை. "எதத் தின்னாலும் மெஷின்ல ஊத்தற கூலண்ட குடிச்ச மாதிரியே இருக்குது அம்மிணி" என்றார். சாப்பிட்ட கொஞ்சத்தையும் வாந்தி எடுத்தார். முதுகைத் தடவிக் கொடுத்தேன். எலும்பு கையில் தட்டுப்பட்டது.

"மாத்திரை வேலை செய்யுதுன்னு அர்த்தம்ங்ணா. கொஞ்சம் பொறுத்துக்கங்க."

வேறு என்ன சொல்வது?

ஜூன் 19, வியாழன்

கூட்டம். பிரசன்னா முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தான்.

"நம்ம நம்பர நம்பி நேத்து ரெண்டு பேருக்கு ஸ்டார்ட் பண்ணிட்டேன் மேடம். ஒருத்தருக்கு முப்பத்தி நாலு வயசு. கைக்குழந்தை இருக்கு. காலைலயே வாந்தி, ஆனா நான் சமாதானம் சொல்லிட்டேன், வேலை செய்யுதுன்னு அர்த்தம்னு."

அதே வார்த்தை. அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? இந்தக் குழுவில் எல்லாரும் நோயாளியிடம் இதைத்தான் சொல்கிறோம் போலிருக்கிறது.

அட்டவணை சரிபார்ப்பில் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு மைக்கை அணைத்தேன். முடிந்ததும் டாக்டர் மும்தாஜ் தனியாகக் கூப்பிட்டார்.

"என்னம்மா, குரலே சரியில்லையே. நம்பர்ல ஏதாச்சும் தப்பா?"

"இன்னும் பாத்துட்டிருக்கேன் மேடம்."

"பாருங்க. நல்லாப் பாருங்க. ஆனா பாத்தத போட்ருங்க. நம்ம நம்பர்னு நாலு ஊர்ல மருந்து குடுக்குறாங்க."

எனக்கு அவர்மேல் ஆத்திரம் வந்தது. அவர் வீட்டுக் கூடத்தில் யாரும் மெஷினோடு படுத்திருக்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி

போடவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

அண்ணி கோயிலுக்குப் போயிருந்தார். அண்ணனுக்கு முகச்சவரம் செய்துவிட்டேன். இப்போது அவருக்குக் கையைத் தூக்கினால் மூச்சு வாங்குகிறது. பகலிலும் மெஷின் ஓடுகிறது. சோப்பைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது கேட்டார்.

"அந்த எட்டுல அஞ்சு, இப்ப எத்தன ஆச்சு?"

சவர பிளேடைக் கழுவப் போகிற சாக்கில் எழுந்தேன். "உக்காரு" என்றார். பட்டறையில் பையன்களை அதட்டுகிற குரல். ஏப்ரலுக்குப் பிறகு அந்தக் குரலை இன்றுதான் கேட்டேன்.

உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒரே பீஸை மூன்று தடவை அளந்துவிட்டு மூன்று பீஸ் ஓகே என்று எழுதிவிட்டோம் என்றேன். அவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"அந்த அஞ்சுல நானும் உண்டா?"

"உண்டுங்ணா."

"நல்லாயிட்டேன்னு எழுதிருக்கியா?"

"அது ஏப்ரல்ல எழுதினதுங்ணா."

அண்ணன் மூக்கில் மாட்டியிருந்த குழாயைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"போன வாரமே."

"ஒரு வாரமா நான் வாந்தியெடுத்துட்டுக் கெடக்கறேன். நீ பக்கத்துல நின்னு முதுகத் தடவிட்டு, வேலை செய்யுதுங்ணா, வேலை செய்யுதுங்ணான்னு..." மூச்சு போதவில்லை. நிறுத்தி, இழுத்து, மறுபடியும் சொன்னார். "நீ சொன்னதுக்காகத்தானே அம்மிணி அந்த எழவ முழுங்குனேன்."

அழுதுவிட்டேன். அவர் சமாதானம் சொல்லவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். திரும்பாமலே கேட்டார்.

"ஓசூர்ல ஆரோ ரெண்டு பேருக்குப் புதுசா ஆரம்பிச்சாங்கன்னியே. அவங்க ஊட்லயும் முதுகத் தடவிட்டு நிக்கறாங்களா?"

பாதிக் கன்னத்தில் சோப்பு காய்ந்துபோயிருந்தது. வெந்நீர் வைத்து மறுபடி துடைத்தேன்.

ஜூன் 23, திங்கள்

காலையில் எழுந்ததும் குழுவில் போட்டேன். இணையத்துக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை.

'நம் அட்டவணையில் மாத்திரை எடுத்ததாக இருக்கும் எட்டு வரிகள் எட்டு மனிதர்கள் அல்ல. ஐந்து மனிதர்கள். மூன்று வரிகள் ஒருவருடையவை. இரண்டு வரிகள் இன்னொருவருடையவை, அவர் இறந்துவிட்டார். முன்னேறியவர்கள் இருவர். அவர்களில் ஒருவருடைய நிலை டிஸ்சார்ஜுக்குப் பிறகு மோசமாகியிருக்கிறது, அது என் சொந்த அண்ணன் என்பதால் தெரியும். மாத்திரையால் பயன் என்று நாம் சொன்னதை நான் திரும்பப் பெறுகிறேன். இது எனக்கு ஜூன் 14 அன்றே தெரியும்.'

கடைசி வரியை இரண்டு முறை அழித்து மூன்றாவது முறை விட்டுவிட்டேன்.

ஒரு டாக்டர், இத்தனை மாத உழைப்பை இப்படிக் கவிழ்த்துவிட்டீர்களே என்று எழுதிவிட்டு வெளியேறினார். பிரசன்னா போன் செய்தான். ரெண்டு பேருக்கும் நிறுத்திட்டேன் மேடம் என்றான். அன்றே சொல்லியிருந்தால் ஆரம்பித்தே இருக்கமாட்டேன் என்று அவன் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

டாக்டர் மும்தாஜ் ஒரு வரிதான் எழுதினார். 'அண்ணன்னு சொல்லவே இல்லையேம்மா.'

ஜூன் 26, வியாழன்

கூட்டத்தில் புது முறைக்கு எல்லோரும் சம்மதித்தார்கள். பெயரையும் பிறந்த தேதியையும் வைத்து ஆஸ்பத்திரியிலேயே ஒரு எண் உருவாகும். எண் மட்டும் எங்களுக்கு வரும், பெயர் வராது. இரட்டை வரிகளை நாங்களே நீக்கிவிட்டு, மற்ற பழைய வரிகளுக்கும் எண் கொடுப்போம். அதே எண் இன்னொரு ஊரிலிருந்து வந்தால் அட்டவணை நின்று கேட்கும். இரண்டில் எதை வைத்துக்கொள்வது என்று கேட்டார்கள். பிந்தையது இருக்கட்டும், முந்தையதை அழித்துவிடலாம் என்றேன். யோசிக்கவே இல்லை. அதுதான் சரி.

அண்ணனின் டாக்டரும் மாத்திரையை நிறுத்திவிட்டார். அண்ணன் இன்னும் என்னிடம் சரியாகப் பேசவில்லை. தண்ணி, ஃபேன், அண்ணி எங்கே, அவ்வளவுதான்.

ஜூலை 6, ஞாயிறு

அண்ணனுக்கு வாயில் ருசி திரும்பிவிட்டது!

காலையில் காபி குடித்துவிட்டு, "பரிமளம், சக்கரை தூக்கலாப் போட்டுட்டே" என்றார். அண்ணி அடுப்படியில் நின்று அழுதார். மத்தியானம் அரிசும்பருப்புச் சாதம் கேட்டார். வறுத்த வெங்காயம், பூண்டு, நெய் எல்லாம் போட்டுச் செய்தேன். இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார். நடுவில் மூச்சு வாங்க நிறுத்தி நிறுத்தித்தான். ஆனால் தட்டைத் தள்ளவில்லை.

"உப்பு கம்மி" என்றார் என்னைப் பார்த்து. இரண்டு வாரத்தில் அவர் என்னிடம் சொன்ன முதல் முழு வாக்கியம். அதுவே போதும் எனக்கு.

ஜூலை 13, ஞாயிறு

கொள்ளு ரசம். வாழைப்பூ வடை. பட்டறைப் பையன்கள் வந்திருந்தார்கள், அவர்களுக்கும் சேர்த்துச் சுட்டோம். மாஸ்க் போடாமல் மெஷினில் உட்கார்ந்தால் காலை ஒடிப்பேன் என்று அண்ணன் அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜூலை 20, ஞாயிறு

இனிப்பாக ஒப்புட்டு கேட்டார். அரைதான் இறங்கியது.

ஜூலை 27, ஞாயிறு

முதுகுக்குத் தலையணை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"உன்ற டேபிள்ல நான் இன்னும் நல்லாத்தான் இருக்கனா?"

"டிஸ்சார்ஜ் ஆனப்ப எப்படி இருந்தீங்களோ அதுதான் இருக்கும்ங்ணா. மறுபடியும் எங்கயாவது அட்மிட் ஆனாத்தான் மாறும்."

"ம். ஆச்சுன்னா மாத்திரு. ஒருக்காத்தான் எண்ணோணும் என்னைய. ரெண்டா எண்ணிப் போடாத."

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்ணா."

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். கை முழுக்க முப்பது வருடத்துச் சின்னச் சின்னத் தீப்பொறித் தழும்புகள்.

ஆகஸ்ட் 9, சனி

விடியற்காலையில் ஆம்புலன்ஸ். எங்கள் ஆஸ்பத்திரி வரை தாங்காது என்று வீட்டுக்குப் பக்கத்திலிருந்த தனியார் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தோம். அங்கே இருக்கிற டாக்டரும் போன மாதம்தான் நம் குழுவில் சேர்ந்தவர். நல்லவராகத் தெரிகிறார். அண்ணிக்கு மாற்றுப் புடவை எடுத்துப் போக வேண்டும்.

ஆகஸ்ட் 14, வியாழன்

இன்று கூட்டத்துக்குப் போகவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

காரியங்கள் எல்லாம் முடிந்தன. சொந்தக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். ஆக்சிஜன் மெஷினைத் துடைத்து, குழாயைச் சுற்றி வைத்தேன். வாடகைக் கடைக்காரர் நாளை எடுத்துக்கொள்கிறாராம். கூடத்தில் டி.வி. நன்றாகக் கேட்கிறது. அண்ணி அதைப் போடவில்லை.

அரிசும்பருப்புச் சாதம் செய்தேன். உப்பு கம்மியாகத்தான் இருந்தது. சொல்ல ஆளில்லை. ஐயோ அண்ணா.

செப்டம்பர் 11, வியாழன்

இன்று கூட்டத்துக்குப் போனேன். எல்லோரும் அண்ணனுக்காக ஒரு நிமிடம் எழுந்து நின்றார்கள். பிறகு வேலையை ஆரம்பித்தோம்.

புதிதாக வந்த வரிகளை ஏற்றிக்கொண்டிருக்கும்போது அட்டவணை நின்றது. புது முறை வந்தபிறகு அது நின்றது இதுவே முதல் தடவை. 'இந்த எண் ஏற்கெனவே உள்ளது. எந்த வரியை வைத்துக்கொள்ள வேண்டும்?'

இரண்டு வரிகளும் ஒன்றின் கீழ் ஒன்றாகத் திரையில் இருந்தன. எல்லோருக்கும் தெரியும்படி.

ஆண், 51, டூல் கிரைண்டிங் 30 வருடம். முன்னேற்றத்துடன் வீடு திரும்பினார்.

ஆண், 51, டூல் கிரைண்டிங் 30 வருடம். இறந்தார்.

"சுகந்தி, நீங்க எந்திரிச்சுப் போங்கம்மா. இத நான் பண்றேன்" என்றார் டாக்டர் மும்தாஜ்.

"வேண்டாம் மேடம்."

பிந்தையது இருக்கட்டும், முந்தையதை அழித்துவிடலாம். என் விதிதான். மேல் வரியைத் தொட்டேன். ஏப்ரலில் அதைத் தட்டிவிட்டு நான் கேண்டீனுக்குப் போய் எல்லாருக்கும் ஜிலேபி வாங்கிவந்தேன். அண்ணன் ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ வேண்டாம், பஸ் ஸ்டாப்வரை நடக்கலாம் என்று பிடிவாதம் பிடித்தார். நடந்தோம். அந்த நடை இந்த அட்டவணையில் வேறெங்கேயும் இல்லை, இந்த ஒரு வரியில்தான் இருந்தது.

'அழிக்கவா?' என்று கேட்டது. அழித்தேன்.

"மாத்திரை எடுத்தவர்கள் ஐந்து பேர். முன்னேறியவர் ஒருவர்" என்று வாசித்தேன். அந்த ஒருவர் இன்னமும் மவுத் ஆர்கன் வாசித்துக்கொண்டிருக்கிறாராம். கிரைண்டிங் வேலையை விட்டுவிட்டு டீக்கடை வைத்திருக்கிறாராம். நன்றாக இருக்கட்டும் அந்த மனிதர்.

அண்ணா, ஒருக்காத்தான் எண்ணியிருக்கிறேன்.